தெருக்குழாயில் சுடுதண்ணீர் வரும் ஊர்

எழுபதுகளின் நடுவில், பனியன் மாதிரிகளைத் தோல்பெட்டியில் அடுக்கிக்கொண்டு என் தாய்மாமா பல்கேரியாவின் தலைநகரான சோபியாவுக்குப் போனார். ஏதோ வியாபாரக் கண்காட்சி. பன்னிரண்டு நாள். அம்மாவுக்கு அந்தப் பெயரைச் சொல்லவே கூச்சம். பெரியப்பாவின் மருமகன் லண்டனில் இருந்தார்; தன் தம்பி போனது யாரும் கேள்விப்படாத ஊர் என்று அந்த வீட்டில் எப்படிச் சொல்வது? லண்டன் என்று சொல்லிவிட்டாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள். நான் வகுப்பில் நாற்பத்தொரு பேரிடம் சொன்னேன்.

மாமா திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்தொன்பது பேர். நடுவில் நாற்காலியில் பெரியப்பா.

"அப்பறம் மாப்ள, லண்டன் எப்படீங்க இருக்குது?"

மாமா வாயைத் திறந்தார். காப்பித் தட்டோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். 

"போன ஊரு நல்ல ஊருங்க," என்றார்.

அங்கே தெருக்குழாயில் சுடுதண்ணீர் வருமாம், பூமியிலிருந்து தானாகவே. சனங்கள் பாட்டிலில் பிடித்துப் போவார்களாம். வீதியில் மஞ்சள் கல் பாவியிருக்குமாம். ஒரு பழைய சர்ச் தெருவுக்கும் கீழே பள்ளத்தில் நிற்குமாம். ஊருக்குள்ளிருந்தே பனி மூடிய மலை தெரியுமாம். ஆமாம் என்பதற்கு, நாம் இல்லை என்று ஆட்டுவதுபோலத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார்களாம்.

லண்டனைப் பற்றி நான் பாடத்தில் படித்திருந்தேன். ஒவ்வொரு பொய்க்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு விரலை மடக்கினேன்.

"எம்பட மருமவன் ஏழு வருசமா அங்க இருக்கறாருங்க. இதுல ஒண்ணக்கூடச் சொன்னதில்லீங்களே," என்றார் பெரியப்பா. "பம்பாய்லயே ரூம் போட்டுப் படுத்துட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது."

கூடமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். "அப்படியே வெச்சுக்கங்க மச்சான்."

அம்மா தலை நிமிரவில்லை. எனக்குக் காது சுட்டது. "இந்தா கண்ணு," என்று மாமா ஒரு பேனாவை நீட்டினார். ஐந்து விரலும் மடங்கியிருந்த கையை நான் முன்னால் கொண்டுவரவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த ஊரைப் பற்றிப் பேசியதே இல்லை.

மாமா இறந்து நான்கு வருடம் கழித்து, பனியன் வேலையாக நானும் சோபியாவுக்குக் கிளம்பினேன். அன்றைக்குத்தான் அம்மா சொன்னாள்: "உங்க மாமன் போனதும் அந்த ஊருக்குத்தாங் கண்ணு."

மஞ்சள் கல்லில் நடந்து, குழாயடியில் ஏழாவது ஆளாக நின்று, சுடுதண்ணீரை உள்ளங்கையில் பிடித்தேன். மாமா சொன்ன ஐந்தும் அங்கே இருந்தன. அன்று கூடத்தில் லண்டன் என்ற சொல் மாமாவின் வாயிலிருந்து ஒரு முறைகூட வரவில்லை. அதை மட்டும் நான் எண்ணாமல் விட்டிருக்கிறேன்.