முதல் டீ

ஊதக்காவின் தொண்டை இருக்கிறதே, கும்பகர்ணனே பக்கத்துக் கூடாரத்தில் தூங்கினாலும் எழுப்பிவிடும். கீழே ஊரில், ஆஸ்பத்திரியின் மூச்சுச் சோதனை அறை அவளுடைய ராஜ்ஜியம். ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறையில் வருடம் முழுக்க இருமல்காரர்களைக் குழாயில் ஊத வைப்பாள். மலையேறும் பருவம் வந்தால் ஒரு டாக்டரோடு கருவியையும் தூக்கிக்கொண்டு எங்கள் முகாமுக்கு வந்துவிடுவாள். நோய்நொடி இல்லாதவர்களின் நுரையீரல் உயரத்தில் என்ன ஆகிறது என்பது டாக்டரின் ஆராய்ச்சி. "ஊது, ஊது, இன்னும் இருக்கு, விடாதே!" என்று அவள் கத்துவதைக் கேட்டால் பிரசவ அறை என்றே தோன்றும். அதனால்தான் அவளுக்கு நாங்கள் ஊதக்கா என்று பெயர் வைத்தோம்.

நான் அங்கே சமையல்காரன். அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், உருளைக்கிழங்கு மட்டும் வேகாமல் என் உயிரை வாங்கும். காலைச் சோதனையில் யார் வேகமாக ஊதுகிறாரோ அவருக்கே முதல் டீ என்று ஏறுகிறவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பெரும்பாலும் அதைக் குடிப்பவர் ஊதக்காவின் கணவர்.

"மேல வந்தா என் நுரையீரலுக்கு வயசு குறையுது" என்று மார்தட்டுவார்.

"காத்து மெலிசா இருக்கு, சல்லுனு வெளிய வருது. இதுல உங்க சாமர்த்தியம் எங்க வந்துச்சு?" என்பாள் அவள்.

அவள் பார்ப்பது வேகத்தை அல்ல, மொத்தம் எவ்வளவு காற்று வந்தது என்பதை. திடகாத்திரமான ஆளுக்கும் மேலே அது கொஞ்சம் குறையும், இறங்கினால் சரியாகிவிடும். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் நுரையீரலில் நீர் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இதை எங்களிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! நாங்கள் காதில் வாங்கினால்தானே.

அவள் கணவர் முன்னால் போய்க் கயிறு கட்டுகிறவர். மற்றவர்களுக்கு வழி செய்து கொடுத்தே காலம் போய்விட்டது, உச்சியில் அவர் கால் பட்டதில்லை. அந்த முறைதான் அவரையும் உச்சிக்குப் போகும் குழுவில் சேர்த்திருந்தார்கள்.

கிளம்பும் நாள் காலையிலும் வேகத்தில் அவர்தான் முதல். நான் டீயை நீட்டினேன். ஊதக்கா கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"டாக்டர், இவரு இறங்கட்டும்."

"எனக்கு ஒண்ணுமில்லடி!"

"ஒண்ணுமில்லாதவரு ஏன் ராத்திரி முழுக்க உக்காந்தே தூங்கினீங்க?"

டாக்டர் திரையில் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்த மொத்தக் காற்றின் அளவைப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை அவர் முதுகில் வைத்துக் கேட்டார், இறங்கச் சொல்லிவிட்டார்.

ஊதக்காவும் கருவியோடு அவர்கூட இறங்கினாள், மூட்டை தூக்க நானும் போனேன். வழி நெடுக அவர் உச்சியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கீழே தங்கும் விடுதியில் இரண்டு நாள் கழித்து அவள் கருவியை எடுத்து வைத்தபோதுதான் வெடித்தார்.

"வேற யாராவது இருந்தா இப்படி இறக்கியிருப்பியா?"

"வேற யாராவது இருந்தா முந்தின நாளே இறக்கியிருப்பேன்" என்றாள். "உங்க ஆசை எனக்குத் தெரியும். அதான் ஒரு நாள் பேசாம இருந்துட்டேன். அந்த ராத்திரி முழுக்க உங்க மூச்சைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் தானே குழாயை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டார்.

"சரி, கத்து."

அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கடைசியில் நான்தான் கத்தினேன்.