இரண்டு விரற்கடை நீளம்

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு மூன்று வடிவங்கள் உண்டு. அம்மா சொல்வது ஒன்று. அப்பா சொல்வது ஒன்று. அக்கா எதுவும் சொல்லாமல் சிரிப்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றையொன்று மறுப்பவை. ஆகவே எனக்கென ஒரு நெறியை வகுத்துக்கொண்டேன். என் கண்ணால் கண்டதையும், என் கையால் தொட்டதையும், என் காதால் கேட்டதையும் அன்றி வேறெதையும் இங்கே எழுதப்போவதில்லை. அப்பாவின் வடிவத்தில் ஒரு பெருமழை பெய்கிறது. அன்று மழை பெய்ததா என்று எனக்கு நினைவில்லை. எனவே இங்கே அது பெய்யாது.

அப்போது எனக்கு எட்டு வயது. மஹய்யாவையில் ஒரே அறையும் சமையற்கட்டும் கொண்ட வீட்டில் நால்வர் இருந்தோம். அப்பா மாநகரசபையில் வீதி துப்புரவு செய்பவர். நீண்ட பிடி கொண்ட ஈர்க்கு விளக்குமாறுகளை அவரே கட்டிக்கொள்வார். தென்னை ஈர்க்குக் கட்டு ஒன்று எப்போதும் கதவின் பின்னால் சாய்ந்திருக்கும். அம்மா கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுப்பார். அக்கா ஒன்பதாம் வகுப்பு. நான் மூன்றாம் வகுப்பு.

வறிய பிள்ளைகளின் படிப்புக்கென ஒரு நற்பணிச் சங்கம் எங்கள் பகுதி மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்திவந்தது. பாடம் முடிந்ததும் அவித்த கடலை கிடைக்கும். இடையிடையே ஒரு வைத்தியர் வந்து பல்லையும் கண்ணையும் பார்ப்பார். வீடு திரும்பும்போது, பெரிய வீதியைக் கடக்க, வகுப்பை நடத்திய மிஸ் கையை உயர்த்தி பஸ்களை நிறுத்துவார். கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வரும் முஸ்லிம் பெண் அவர். எங்களை விட உயரத்தில் அதிகமில்லை. ஆயினும் அவர் கையை உயர்த்தினால் நிற்காத பஸ்ஸை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளையைத்தான் அந்தச் சங்கம் சேர்த்துக்கொண்டது. எங்கள் வீட்டிலிருந்து சேர்க்கப்பட்டவள் நான். அக்காவுக்கு வயது கூடிவிட்டதென்றார்கள்.

அந்த ஆண்டு அக்காவுக்கு விசித்திரமான ஒரு வயிற்றுவலி கண்டது. திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் வரும். பள்ளிக்கூட மணி அடித்த பின் போய்விடும். சனி, ஞாயிறுகளில் அறவே வராது. கிழமைகளை அறிந்த அந்த நோயைப் பற்றி எனக்குப் பெரும் ஆர்வம் உண்டாயிற்று. கலண்டரில் பென்சிலால் குறித்துவந்தேன். அக்காவின் வெள்ளைச் சப்பாத்து முன்பக்கம் வாய் பிளந்து கட்டிலுக்கு அடியில் கிடந்ததையும் கண்டேன். பள்ளிக்கூட வாசலில் நின்று சப்பாத்தைப் பார்த்துப் பெயர் எழுதும் மாணவத் தலைவிகளைப் பற்றியும் அறிவேன். ஆனால் சப்பாத்தையும் வயிற்றையும் இணைத்துப் பார்க்கும் அறிவு எனக்கு இல்லை.

அந்நாட்களில் பக்கத்து வரிசை வீடொன்றிலிருந்த ஒரு பெண்மணி அடிக்கடி வந்துபோனார். கொழும்பில் வீட்டு வேலைக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பிவைப்பது அவர் வழக்கம்.

"நல்ல வீடு அக்கா. சின்னப் பிள்ளையப் பாத்துக்கிற வேலதான். சும்மா வீட்டுல இருக்கிறவள ஏன் வச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"அவ படிக்கிற பிள்ள," என்றார் அம்மா.

"எங்க படிக்கிறா? நானும் ஒவ்வொரு நாளும் பாக்குறேனே, பைப்படியில நிக்கிறா."

அம்மா பூவைத் தொடுத்துக்கொண்டே, "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்," என்றார்.

கொழும்பு வீட்டில் லிப்ட் இருக்குமா என்று நான் இடையில் புகுந்து கேட்டேன். இருக்கும் என்று அந்தப் பெண்மணி உறுதியளித்தார். அன்று முதல் அக்கா போவதை நான் விரும்பலானேன். லிப்டில் ஏறிய கதையை அவள் வந்து சொல்வாள்; கட்டிலிலும் எனக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். இதை எழுதக் கூசுகிறது. எனினும் நெறி நெறிதான்.

அந்த மாதத்தில்தான் ஒரு சனிக்கிழமை, சங்கம் பிள்ளைகளுக்கு வாங்கித் தரவிருந்த சப்பாத்துக்கு மிஸ் அளவு கேட்டார். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப்போவதில்லை. ஈர்க்கைக் குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை வைத்து முறித்து, அந்தத் துண்டைக் கடைக்காரரிடம் கொண்டுபோவார்கள். மிஸ்ஸும் அதையே சொன்னார். "கால அளந்து ஈர்க்க முறிச்சி, பேர எழுதிக் கட்டிக்கொண்டு வாங்க மகள். பொய்யளவு வாணாம், சப்பாத்து கடிக்கும்."

அன்று மாலை அப்பா என் காலைச் சீமெந்துத் தரையில் வைத்து, புது ஈர்க்கு ஒன்றால் அளந்தார். வளரும் காலென்று நகத்தளவு கூட விட்டு முறித்தார். முறித்த இடத்தில் நார் அறாமல் தொங்கியது. அதைப் பல்லால் கடித்தெடுத்தார். காகிதத் துண்டில் என் பெயரை நானே எழுதி, நூலால் நானே கட்டினேன். எனக்கு முடிச்சுப் போட வராது. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கைந்து போட்டதில் அது ஒரு மிளகு போலத் திரண்டது. ஈர்க்கைக் கொப்பிக்குள் வைத்துக் கொப்பியைப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் மிஸ் கதிரையில் அமர்ந்து, ஒவ்வோர் ஈர்க்காக மர அடிமட்டத்தில் வைத்து எழுதினார். என்னுடையதை வைத்தபோது கை நின்றது. என் பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இவளுக்கு யானக் கால்!" என்றான். மண்டபம் சிரித்தது.

மிஸ் சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார். பிறகு ஈர்க்கைப் பார்த்தார். பிறகு என் முகத்தை.

"இது ஒங்கட கால்தானா? செல்லுங்க மகள்." 'சொல்லுங்கள்' என்பதை அவர் அப்படித்தான் ஒலிப்பார்.

நான் ஈர்க்கைப் பார்த்தேன். காகிதம் என் கையெழுத்துத்தான். ஆனால் முடிச்சு என்னுடையதன்று. ஒரே சுருக்கில், வால் தெரியாமல், அழகாக விழுந்த முடிச்சு அது.

"ஆமா மிஸ்," என்றேன்.

அவர் ஈர்க்கை அடிமட்டத்தில் மீண்டும் நேராக வைத்தார். "சரி. வளர்ற புள்ள," என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

சப்பாத்து வந்த நாளில் என் மகிழ்ச்சி பெட்டி திறக்கும் வரையே நீடித்தது. காலை உள்ளே விட்டு நடந்தேன்; நான் நடந்தேன், சப்பாத்து நடக்கவில்லை. யானைக்கால் என்றவன், "ரெண்டு பேர் சேந்து போடலாம்டீ," என்று ஆலோசனை கூறினான். வீடு வரை அழுதுகொண்டே போனேன். மாற்றித் தரச் சொல்லுங்கள் என்று அம்மாவிடம் மன்றாடினேன்.

"குடுத்தத மாத்தித் தாங்கன்னு கேக்கிற பழக்கம் நமக்கு இல்ல," என்றார் அம்மா. "ஒன் பழைய சப்பாத்து இன்னும் நல்லாத்தான் இருக்கு. இது அக்காவுக்குச் சரியா இருக்கான்னு பாப்போம்."

சரியாக இருந்தது. நுனியில் ஒரு நகத்தளவு மட்டும் இடம் மீந்தது.

திங்கட்கிழமை காலை நான் கலண்டரும் பென்சிலுமாகக் காத்திருந்தேன். வயிற்றுவலி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, என் வகுப்பு விட்டு நான் மட்டும் வீடு வந்திருந்த வேளையில், கொழும்புக்கு ஆள் சேர்க்கும் பெண்மணி வந்து, "எங்க மூத்தவ?" என்று கேட்டார்.

"பிள்ள பள்ளிக்கூடம் போயிருக்கு," என்றார் அம்மா. பூவிலிருந்து தலையை உயர்த்தவில்லை. அம்மா அவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை.

தீபாவளிக்கு வீடு கழுவியபோது, சுவரில் தொங்கிய கண்ணாடியின் பின்னாலிருந்து ஓர் ஈர்க்குத் துண்டு விழுந்தது. அதைக் காலில் வைத்துப் பார்த்தேன். என் கால், நகத்தளவு கூடுதல். ஒரு நுனியில் பல் பதிந்த தடம். என் ஆராய்ச்சி அங்கே தொடங்கியது. ஈர்க்கை முறித்துக் குறுக்கலாம், நீட்ட முடியாது. ஆகவே, என்னுடையதைவிட இரண்டு விரற்கடை நீளம் கூடிய வேறோர் ஈர்க்கில் யாரோ என் பெயரை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். முடிச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் அப்பா விளக்குமாறு கட்டுபவர். அம்மா பூக் கட்டுபவர். அக்கா அம்மாவுக்கு உதவுபவள். முடிச்சுப் போடத் தெரியாதவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

மூவரையும் தனித்தனியே விசாரித்தேன்.

"ஈர்க்கு வளராதுன்னு ஒனக்கு யாரு சொன்னது? ஏழு நாள் பையில இருந்திச்சுல்ல," என்றார் அப்பா.

"போய்ப் படி," என்றார் அம்மா.

அக்கா என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் பின்னல் கண் பிதுங்கும்படி இறுகிற்று. அதையே பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்கா இப்போது கலகெதரவில் ஒரு மருந்துக்கடையில் மருந்து கொடுக்கிறாள். அந்த வேலைக்கு வேண்டிய பரீட்சைகளை எல்லாம் எழுதித்தான் போனாள். ஈர்க்கை மாற்றியது அவள்தான் என்று அம்மா அடித்துச் சொல்கிறார். அம்மாதான் என்று அப்பா, மழையோடு சேர்த்துச் சொல்கிறார். அக்கா சிரிக்கிறாள்.

சென்ற மாதம் கெலிஓயா பஸ்ஸில் மிஸ்ஸைக் கண்டேன். முதலில் அவருக்கு என்னைத் தெரியவில்லை; ஈர்க்கு என்றதும் தெரிந்துவிட்டது. அன்று என் ஈர்க்கு பொய்யளவென்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"பாத்தாத் தெரியாதா மகள்? ஒங்கட ராத்தா இஸ்கூலுக்குப் போகாததும் தெரியும். வீட்டுக்கு ஒரு ஆள் எண்டது சங்கத்து சட்டம். நான் என்ன செய்ய?" என்றார். பிறகு கைப்பையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார். "அதுக்குத்தான் ஒங்களக் கேட்டன். இல்லன்னு செல்லியிருந்தா, காலத் திரும்பவும் அளந்து எழுதியிருப்பன். சட்டம் சட்டம்தானே. நீங்க ஆமான்னீங்க."

அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. இறங்கி, வீதியைக் கடக்கக் கையை உயர்த்தினார். பஸ்கள் நின்றன.

மீதிப் பயணம் முழுவதும் நான் ஒரே கேள்வியோடு இருந்தேன். இத்தனை காலமாக மற்ற மூவரை விசாரித்துக்கொண்டிருந்தேன்; நான்காவது ஆளை விசாரிக்கவில்லை. முடிச்சு என்னுடையதன்று என்பதை அன்று நான் கண்டேன். அது நிச்சயம். கண்ட பின்னும் ஆமா என்றேன். அதுவும் நிச்சயம். மண்டபம் சிரித்த வெட்கத்தில் சொன்னேனா, என் கையெழுத்தை நம்பிச் சொன்னேனா, அல்லது கட்டிலுக்கு அடியில் வாய் பிளந்து கிடந்த அந்தச் சப்பாத்து ஒரு கணம் என் நினைவில் வந்ததா? அக்கா கொழும்புக்குப் போகவேண்டும் என்று விரும்பிய அதே பிள்ளைதான் நான்.

ஈர்க்கை மாற்றிக் கட்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் ஏன் ஆமா என்றேன் என்பதும் தெரியாது.