துளி உருண்டையாக நிற்கும் வரை

சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் என் ஆராய்ச்சிக்கு மூன்று முயல்கள் இருந்தன. ஆட்டு நோய் ஒன்றைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்காக அவற்றின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாக வேண்டும். நோய்க்கிருமியின் புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றினால் முயலின் உடம்பு ஏறெடுத்தும் பார்க்காது. அதை உசுப்பிவிட ஒரு எண்ணெயைச் சேர்க்க வேண்டும். முதல் ஊசிக்கான எண்ணெயில் செத்த காசநோய்க் கிருமியும் இருக்கும்; அடுத்த ஊசிகளுக்கு வெறும் எண்ணெய்தான்.

புரதக் கரைசலும் எண்ணெயும் லேசில் சேராது. இரண்டு ஊசிக்குழல்களை வாயோடு வாய் இணைத்து, மாறி மாறித் தள்ளி, வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்போம். உருண்டையாக நின்றால் சரி.

முதல் ஊசி போட்ட அன்று துளி பரவியது. முயல்களைப் பராமரிக்கும் வாசுதேவநல்லூர்ப் பெண், "அக்கா, இன்னும் சேரல. திரும்பக் கலக்குங்க," என்றாள்.

எனக்குக் கை கடுத்தது. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. "மாடித் தொட்டித் தண்ணி கொதிக்குல்லா, அதான் பரவுது. நீ முயலப் பிடி," என்றேன். சித்திரை மாதத்தில் இந்த ஊரில் எது கெட்டாலும் பழியை வெயில் மேல் போட்டுவிடுவோம்.

அப்படியே ஊசி போட்டுச் சில வாரம் கழித்து ரத்தம் எடுத்தேன். எதிர்ப்பொருள் சுத்தமாக இல்லை. மாதக்கணக்கில் பாடுபட்டுப் பிரித்த புரதத்தில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் மிச்சம். அதுவும் போனால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான். அவமானத்தில் அழுதேன்.

"கிருமி சேத்த எண்ணெயையே மறுபடியும் போடும்மா. அப்பதான் எதிர்ப்பொருள் ஏறும்," என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர்.

"போட மாட்டேன் சார். ரெண்டாவது தடவையும் அதப் போட்டா முதுகெல்லாம் புண்ணாயிரும். தப்பு பண்ணது நான், முயல் எதுக்கு அனுபவிக்கணும்?"

"ஏறலைன்னா?"

"ஏறும் சார். வெறும் எண்ணெயில ஒழுங்காக் கலக்குதேன்."

மறுநாள் சூடேறாமல் இருக்கக் குழல்களை ஐஸில் வைத்து வைத்துத் தள்ளினேன். துளி பரவியது. தள்ளினேன். மறுபடியும் பரவியது. அந்தப் பெண் கை மாற்றிக்கொள்ளக் கேட்டாள், கொடுக்கவில்லை. கட்டைவிரல் கொப்பளித்த பிறகுதான் துளி உருண்டையாக நின்றது. அவள் கிண்ணத்தை ஆட்டிப் பார்த்தாள். துளி உடையவில்லை. ஊசி போட்டோம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்துப் பரிசோதனைத் தட்டில் ஊற்றினேன். எதிர்ப்பொருள் இருந்தால் மஞ்சள் நிறம் வரும்.

"அக்கா, ஓடி வாங்க, மூணும் மஞ்சளாயிட்டு!" என்று அவள் கூவியபோது நான் கூண்டருகே இருந்தேன். மூன்றாவது முயலின் முதுகு ரோமத்தை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புண் இல்லை. அதற்குப் பிறகுதான் தட்டைப் பார்க்கப் போனேன்.