குடை எடுக்க வருவேன்

குடை வைத்துக்கொண்டே நனைந்து வருகிற தம்பதி எங்கள் தெருவில் நாங்கள் மட்டும்தான். காரணம் என் மனைவி.

விசா இல்லாமல் பிடிபட்டவர்களை அடைத்து வைக்கும் தடுப்பு முகாம்களில் வைத்தியம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் மேற்பார்வையாளர் அவள். முகாம்களில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வீட்டில் அந்தக் கண்ணாடிக்குக் கீழே இருப்பவன் நான்; என் பிரஷர் மாத்திரைகளை அவள் எண்ணாத வாரம் கிடையாது. அவள் ஆபீஸ் கார் படுத்துவிட்டால் ஓய்வுபெற்ற நான்தான் சம்பளமில்லாத டிரைவர்.

அன்றும் அப்படித்தான் பெரிய முகாமுக்குப் போனோம். ஆய்வென்றால் முன்கூட்டியே தகவல் போய்விடும். சுவரில் பெயிண்ட் காயவில்லை என்பதை என் சட்டைதான் முதலில் கண்டுபிடித்தது. அவள் உள்ளே குடைந்துகொண்டிருக்க, நான் மருத்துவ அறை பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர், ஆஸ்துமாக்காரர், மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசரில் முகத்தை வைத்திருந்தார். மெஷின் பளபளவென்று இருந்தது. கை சும்மா இருக்காமல் ஆப்பிள் ஸ்டிக்கரை உரித்து அதன் பக்கவாட்டில் ஒட்டினேன்.

பெரியவர் மூச்சு வாங்கி முடித்துவிட்டுச் சொன்னார். "மேடத்த அடிக்கடி வரச் சொல்லுங்க சார். அவங்க வந்தாதான் இந்த மெஷினும் வரும்."

"மத்த நாள்ல?"

"ஜன்னல் பக்கமா உக்காந்துக்குவேன்."

மீதி ஆப்பிளைப் பையில் போட்டுவிட்டேன்.

மதியம் சின்ன முகாம். அங்கேயும் மருத்துவ அறையில் பளபளவென்று ஒரு நெபுலைசர். பக்கவாட்டில் என் ஆப்பிள். நாங்கள் சாப்பிட நின்ற நேரத்தில் அது வேனில் எங்களை முந்தியிருக்கிறது. அவள் காதில் எல்லாவற்றையும் போட்டேன். காலையில் பார்த்த மெஷின்தானே இது என்று அதைத் தட்டிக் கேட்டாள்.

இரண்டு முகாம்களுக்கும் பொறுப்பான அதிகாரி கூடவே நின்றார். "ஒரே கம்பெனி மேடம். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"ஆப்பிளுமா?"

அதிகாரி ஸ்டிக்கரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். கடைசியில் உண்மை வந்தது. ஊருக்கெல்லாம் ஒரே மெஷின். ஆய்வு முடிந்ததும் தலைமை குடோனுக்குப் போய்விடும். புதிது வாங்க நாலைந்து மாதம் ஆகும்.

"இங்க ஆஸ்துமாக்காரங்க யாரும் இல்ல. வாங்குற வரைக்கும் இது அங்க அந்தப் பெரியவர்கிட்ட இருக்கட்டும்," என்றாள்.

"ஆய்வு முடிஞ்சா குடோனுக்கு அனுப்பணும்னு உத்தரவு மேடம்."

"அப்ப ஆய்வு இன்னும் முடியல."

மெஷினையும் அதிகாரியையும் எங்கள் காரிலேயே ஏற்றிக்கொண்டு பெரிய முகாமுக்குத் திரும்பினோம். அதை மேஜையில் வைத்து, தன் குடையை அதன்மேல் மாட்டினாள். "இந்தக் குடைய எடுக்க வருவேன். அன்னைக்குத்தான் ஆய்வு முடியும்."

"எப்ப மேடம்?"

"எனக்கே தெரியாது."

வெளியே கொட்டு கொட்டென்று கொட்டியது. கார் நின்ற இடத்துக்குப் போவதற்குள் தொப்பலாகிவிட்டோம். "மேற்பார்வை பாக்குறவளுக்கு மேலே பாக்கத் தெரியலயே," என்று வழி நெடுக முணுமுணுத்தேன். அவள் தும்மிக்கொண்டே வந்தாள்.

ஐந்து மாதம் கழித்துப் புது மெஷின்கள் வந்தன. குடையை மீட்கப் போனோம். பெரியவர் அதைத் துடைத்து, மடித்து, பழைய மெஷினிலிருந்த ஆப்பிளைப் பிடியில் ஒட்டி வைத்திருந்தார். நீட்டினார்; ஆனால் பிடியை விடவில்லை.

"இருக்கட்டுமே மேடம். நீங்க வருவீங்கன்னு பயம் இருந்தாதான் புது மெஷினும் இங்க இருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. குடையை வாங்கிப் புது மெஷின்மேல் நானே மாட்டினேன்.

இப்போதெல்லாம் கடையில் குடை வாங்கினால் இரண்டாக வாங்குகிறேன். சின்ன முகாமுக்கும் ஓர் ஆஸ்துமாக்காரர் வந்திருக்கிறாராம்.