வயலினின் தேய்ந்த பக்கம்

மும்பை செம்பூரில் வீட்டிலேயே வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். நல்ல பழைய வயலின் ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. போன வருடம் கணவரோடு மாட்டுங்காவில் ஒரு வியாபாரியிடம் போனேன். கோவாக்காரர்தான், ஆனால் தமிழர்கள் நிறைந்த அந்தப் பகுதியிலேயே வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"மேடம், இது ஜெர்மனி மால், அசல் சரக்கு. அங்க சர்ச்சில வாசிச்சது. நம்ம ஊர்ல யார் கையும் படலை" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விலையைக் கேட்டதும் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வாசித்துப் பார்க்கத் தரையில் உட்கார்ந்தேன். வயலினின் சுருள் தலையைக் கணுக்காலில் வைத்ததும், பழகிய இடம் மாதிரி அது போய்ப் பொருந்திக்கொண்டது. எடுத்துப் பார்த்தேன். கால் படும் பக்கம் மட்டும் கூழாங்கல் போல வழவழவென்று தேய்ந்திருந்தது. நின்றுகொண்டு தோளில் வைத்து வாசிப்பவர்களிடம் அந்த இடம் இப்படித் தேயாது.

"இதை நம்ம ஊர்ல யாரோ என்னை மாதிரி கீழ உட்கார்ந்து வருஷக்கணக்கா வாசிச்சிருக்கா" என்றேன்.

அவர் தடவிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"சத்தியமா தெரியாது மேடம். எனக்கு வித்தவன் சொன்னதைத்தான் சொன்னேன். அப்போ அந்த ரேட் கேக்கறது தப்பு. பாதி குடுங்க, போதும்."

"பேசாம வாங்கிக்கோ" என்று கணவர் கிசுகிசுத்தார்.

வாங்கிவிட்டேன். ஆனால் டாக்ஸியில் வரும்போது சந்தோஷம் வரவில்லை. அந்த மனிதர் நேர்மையானவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் என்னைப் போல ஒருவர் ஆயுசு முழுக்க வாசித்தால் ஒரு வயலினின் மதிப்பு எப்படிப் பாதியாகும்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தினமும் காலையில் அதே இடத்தில் என் கணுக்காலும் பதிகிறது. நான் வாசிக்க வாசிக்க அதன் விலை இன்னும் குறைந்துகொண்டே போகுமோ?