அறைக்குள்ளை தங்கச்சி, பனிக்குள்ளை நான்

எங்கடை கோயிலுக்கு வாற எல்லாருக்கும் இதைச் சொல்ல வேணும் எண்டு கனநாளாய் நினைச்சிருந்தனான். எழுத இருந்தால் முதல் வரியோடை எழும்பிடுவன். இண்டைக்கு எப்பிடியும் எழுதிப்போடுவம் எண்டு இருக்கிறன்.

நான் நோர்வேயிலை, ஹொல்ம்லியா எண்ட இடத்திலை இருக்கிறன். பார்னஹாகே எண்ட பாலர் பள்ளியிலை சின்னப்பிள்ளையளுக்குச் சமைக்கிற வேலை. என்ரை ஒரே தங்கச்சி கலா கலியாணம் முடிச்சு அமெரிக்கா போனவள். அங்கை தாதியாய் இருந்தவள். தகப்பன்ரை துவக்கை எடுத்து விளையாடிச் சூடுபட்ட நாலு வயசுப் பிள்ளை ஒண்டு அவளின்ரை கையிலையே சீவன் விட்டிச்சுது. அதுக்குப் பிறகுதான் அவள் அரசியலிலை இறங்கினவள். முதல் தேர்தலிலை தோத்தாள். அடுத்த முறை வீடு வீடாய் நடந்து வெண்டு, அந்த மாநிலச் சட்டசபைக்குப் போனாள். இப்ப மூண்டாம் தவணை.

வீட்டிலை துவக்கு வைச்சிருக்கிறவை பிள்ளையளுக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேணுமெண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தாள். அண்டையிலையிருந்து மிரட்டல் கடிதம். ஆரோ வீட்டு வாசலுக்கே வந்து படம் எடுத்துக்கொண்டு போனது.

"விட்டிட்டு வாடி, உயிர்தான் பெரிசு" எண்டு அழுதனான்.

"நான் விட்டால் ஆர் அக்கா கேக்கிறது?" எண்டாள்.

சபையிலை அவளை ஆகக் கடுமையாய் எதிர்த்துக் கதைச்சவர் வால்ட்டர் எண்ட வயசான உறுப்பினர். அந்த மனுசன் தோத்துப் போக வேணும் எண்டு முருகனிட்டைக் கேட்டனான். ஒளிக்காமல் சொல்லுறன்.

போன மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். வேலை முடிஞ்சு ரெயினிலை வந்துகொண்டிருக்கேக்கை கலாவிட்டையிருந்து தகவல் வந்தது.

"அக்கா, துவக்கோடை ஒருத்தன் சட்டசபைக்குள்ளை வந்திட்டான். அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறம். எனக்குப் போன் அடிக்காதேங்கோ. சத்தம் கேக்கும்."

ஹொல்ம்லியாவிலை இறங்கினன். வீட்டை போகப் பயம். போய் என்ரை மனுசனிட்டை என்னத்தைச் சொல்லுறது? ஸ்ரேசனிலை பனிக்குள்ளையே நிண்டன். ஒரு தேவாரமும் வாயிலை வரேல்லை. "முருகா, அவளை விட்டிடாதை." அவ்வளவுதான். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னன். ஒரு நோர்வேக்காரப் பொம்பிளை கிட்ட வந்து சுகமோ எண்டு கேட்டா. தலையாட்டினன். அவ போகேல்லை. பக்கத்திலையே நிண்டா.

ஐம்பது நிமிசத்துக்குப் பிறகு போன் அடிச்சுது. எடுக்கப் பயம். பொலிஸாய் இருக்குமோ, அவளின்ரை மனுசனாய் இருக்குமோ எண்டு யோசிச்சன். எடுத்தன்.

"அக்கா" எண்டாள். நான் பனியிலையே குந்திட்டன்.

நடந்தது இதுதான். ஆக்கள் கத்திற சத்தம் கேட்டவுடனை கலா தன்ரை அறைக்கு ஓடப் பாத்திருக்கிறாள். நடைவழியிலை வைச்சு வால்ட்டர் அவளின்ரை கையைப் பிடிச்சுத் தன்ரை அறைக்குள்ளை இழுத்து, கதவைப் பூட்டி, மேசையைத் தள்ளி முட்டுக் குடுத்திட்டு, கதவுக்கும் அவளுக்கும் நடுவிலை தான் நிண்டவராம். வந்தவன் நேரை கலாவின்ரை அறைக்குத்தான் போனவன். அங்கை ஒருத்தரும் இல்லை. பொலிஸ் அங்கையே வைச்சுப் பிடிச்சுது. ஒருத்தருக்கும் காயமில்லை.

ஆரின்ரை தோல்வியைக் கேட்டனோ, அந்த மனுசன்ரை கையாலையே முருகன் என்ரை தங்கச்சியைத் திருப்பித் தந்தவர். எனக்கு வெக்கமாய்ப் போச்சு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ரெண்டு பேரின்ரை பேரிலையும் அர்ச்சனை செய்தனான்.

"வால்ட்டருக்கு என்ன நட்சத்திரம்?" எண்டு ஐயர் கேட்டார்.

"தெரியாது ஐயா. நல்ல மனுசன்" எண்டன்.

அந்தச் சட்டம் இன்னும் நிறைவேறேல்லை. வால்ட்டர் இப்பவும் எதிர்த்துத்தான் வாக்குப் போடுறார். கலா இப்பவும் போறாள். எனக்குப் பயம் முழுக்கப் போகேல்லை. ஆனால் ஒருத்தருக்கும் கெடுதல் கேக்கிறதை அண்டையோடை விட்டிட்டன். முந்தி நேர்த்தி வைக்கத்தான் கோயிலுக்குப் போறனான். இப்ப சும்மா நன்றி சொல்லவும் போறன்.

உங்களிலை ஆருக்கும் இப்பிடி ஒரு நாள் வந்தால், மனம் அமைதியான பிறகு கும்பிடுவம் எண்டு காத்திருக்காதேங்கோ. நடுங்கிக்கொண்டே கூப்பிடுங்கோ. அவர் வருவார், நீங்கள் நினைக்காத ஆளின்ரை உருவிலையாவது வருவார்.