பைக்குள் ஏறிய முல்லை வாசம்

ஆய்வகச் சுவரின் ஆணியில் அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பை இன்னும் தொங்குகிறது. அக்காவுடையது. அவர் எனக்கு மூத்த ஆய்வு மாணவி. கீரமங்கலத்தில் பூ விளைவிக்கும் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவன் நான்; கீரனூரில் பஸ் ஏறித் திருச்சிக்குப் படிக்க வந்த என்னை, மரத்தின் மூச்சை அளக்கப் போகும்போதெல்லாம் உதவிக்குக் கூட்டிப்போவார். தைல மரத்தின் ஒரு கிளையைப் பைக்குள் விட்டுக் கட்டுவோம். இலை விடும் வாசம் உள்ளே சேரும். சிறு பம்பு ஒன்று அதை உறிஞ்சி உலோகக் குழாயில் அடைக்கும்.

அந்த வேலைக்கு வாசமுள்ள எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பவுடர் கூடாது, பூ கூடாது. பூக்காட்டுப் பெண் வெறுந்தலையோடு திரிவதை ஊரில் சாடை பேசினார்கள். "இவ பூ வச்சா மரத்துக்குத் தும்மல் வருமாம்ல" என்று அவருடைய அம்மாவே கேலி செய்வாராம். ஒரே மரத்தை மழையிலும் பனியிலும் அளந்து முடித்திருந்தார். கோடை மட்டும் பாக்கி. பட்டம் கையில் இருந்தால் கல்யாணத்துக்குப் பிறகும் இந்த வேலையை விடமாட்டேன் என்று சொல்ல ஒரு பிடி இருக்கும். அதைத்தான் நம்பியிருந்தார்.

கோடைக்கான மாதிரியை எடுக்க வேண்டியதற்கு முந்தைய நாள் மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வந்தார்கள். தலை கொள்ளாத முல்லை. "வச்ச பூவ விடியுமுன்ன எடுக்கக் கூடாதுத்தா" என்று மாமியாராகப் போகிறவர் சொல்லிவிட்டார். விடிந்ததும் பூவை எடுத்து, தலைக்கு ஊற்றி, துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார் அக்கா. கூந்தலில் ஊறியது போகவில்லை. பைக்குள் போகும் காற்றை வடிகட்டும் கருவி எங்களிடம் பழுதாகிக் கிடந்தது.

குழாயில் அடைத்த வாசத்தைப் பிரித்துக் காட்டும் ஆய்வகக் கருவி வரைந்த கோட்டில், தைல மரத்துக்குச் சம்பந்தமில்லாத முகடுகள் எழுந்தன. கண்டும் காணாமல் எழுதிவிடலாமே என்பதுபோலப் பேராசிரியர் பார்த்தார். அக்கா கோட்டின் மேல் விரல் வைத்தார்.

"இது மரம் இல்லீங்க சார். நான்."

மறுபடி எடுக்கப் போனபோது குத்தகைக்காரர்கள் தைல மரக் காட்டையே சாய்த்திருந்தார்கள். சொட்டுச் சொட்டாகப் பிடித்துவந்த வாசம் அன்று மூச்சு முட்ட அடித்தது. அக்கா வெட்டுண்ட கிளைகளுக்கு நடுவில் நின்றார். பம்பை வெளியே எடுக்கவே இல்லை.

இப்போது கணவரோடு வடக்கே, பனி கொட்டும் தேசத்தில் இருக்கிறார். பட்டம் முடியவில்லை; வேலையும் இல்லை. ஒருமுறை குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "கதவத் தொறந்தா பிர்ச் மரந்தான் தம்பி. அதுவும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் நிக்கிது. எனக்குத்தான் அங்கிட்டுப் போக சோலி இல்ல."

போன மாதம் எனக்குப் பார்த்த பெண்ணுக்குப் பூ வைத்தோம். என் தலையில் யாரும் எதையும் வைக்கவில்லை. மறுநாள் விடியலில் வழக்கம்போல என் ஆய்வுக்கான மாதிரியை எடுத்து வந்தேன். கோடு சுத்தமாக இருந்தது. ஆணியில் தொங்கிய பையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். தைலமும் இல்லை, முல்லையும் இல்லை.